பொன்னன் கரைத்த வெல்லத் தண்ணீர்

புதன்சந்தைப் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றில் பொன்னனுக்கு இருபத்தாறு வருட வேலை. காலையில் ஷெட் ஷெட்டாக நடந்து, கூண்டுக்குள் செத்துக் கிடக்கும் கோழிகளைப் பொறுக்கி வந்து, கத்தரியால் வயிற்றைக் கிழித்து எதனால் செத்தது என்று பார்ப்பது அவன் பொறுப்பு. படித்தது எட்டாவதுதான். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, ஈரல் வெளுத்திருந்தால் என்ன, மூச்சுக்குழாயில் சளி நின்றால் என்ன என்று மளமளவென்று சொல்லுவான். பிறகு வருகிற கால்நடை டாக்டரும் பத்துக்கு எட்டு முறை அதையேதான் சொல்லுவார்.

ஒரு கோடையில் ஒரே ஷெட்டில் நாளுக்கு நாற்பது, ஐம்பது என்று கோழி விழுந்தது. பொன்னன் அறுத்துப் பார்த்தான். சிறுநீரகம் இரண்டும் வீங்கியிருந்தன; ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை படிந்திருந்தது. சிறுநீரகத்தில் கட்டியதைக் கழுவிவிட, டாக்டருக்குக் காத்திராமல் தண்ணீர்த் தொட்டியில் வெல்லத்தைக் கரைத்து விட்டான். கோழிகள் குடித்தன, கழித்துத் தள்ளின, நாலாம் நாள் சாவு நின்றது. அன்றிலிருந்து ஊருக்குள் அவனுக்குக் கோழி டாக்டர் என்று பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள். இந்த மனுசன் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டான்.

மாசிக் கடைசியில் அவன் மனைவி கலைமணிக்குக் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து வெகுநேரம் அப்படியே நின்றது. பொன்னன் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தான். அவனுடைய அண்ணனுக்கும் முதலில் கால்தான் வீங்கியது. அப்புறம் முகம். கிட்னி இரண்டும் போய்விட்டது என்று சொல்லி வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினோடு படுக்கப் போட்டார்கள். ஒன்றரை வருடத்தில் ஆள் போய்ச் சேர்ந்தான். கடைசிக் காலத்தில் அண்ணனுடைய கையைப் பிடிக்கவே பொன்னனுக்குப் பயமாக இருந்தது. ஊசி குத்திக் குத்தி அப்படிப் புடைத்துக் கிடந்தது.

"கலை, ஒண்ணுக்கு நல்லாப் போகுதா?" என்று கேட்டான்.

"கொஞ்சமாத்தானுங்க போகுது. ஏனுங்க மாமா?"

அவன் மனதுக்குள் கணக்குப் போட்டான். கால் வீக்கம், சிறுநீர் குறைவு. சிறுநீரகத்தைத் தவிர வேறு என்னவாக இருக்க முடியும்? இப்போதே கழுவி விட்டால் மெஷின் வரைக்கும் போக வேண்டியதில்லை என்று அவனே தீர்ப்பும் எழுதிக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த மெஷினின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்கிற தெம்பு அவனுக்கு இல்லை. பெருமை பாதி, பயம் பாதி.

மறுநாளே வைத்தியம் ஆரம்பித்தது. காலையில் ஒரு பெரிய சொம்பு நிறைய வெல்லத் தண்ணீர். பதினோரு மணிக்கு வாழைத்தண்டுச் சாறு. மத்தியானம் மறுபடி வெல்லம். பொழுது சாயும்போது பார்லித் தண்ணீர். நடுநடுவே வெறும் தண்ணீர் வேறு. பண்ணையிலிருந்து மொபெட்டில் மூன்று முறை வீட்டுக்கு வந்து சொம்பு காலியா என்று பார்த்துவிட்டுப் போனான்.

"போதுமுங்க மாமா. நெம்ப கொமட்டுது."

"கொமட்டுனா நல்லதுதான். உள்ள கட்டுனதெல்லாம் எளகுதுன்னு அர்த்தம். குடி சாமி, ஒரே மொடக்கு."

அவள் குடித்தாள். ஆறாம் நாள் வீக்கம் முழங்காலைத் தாண்டியது. வறட்டு இருமல் வந்தது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள். குழாயடி வரைக்கும் நடந்தால் நின்று நின்று மூச்சு வாங்கினாள். இத்தனையும் கண்ணால் பார்த்த பொன்னன் என்ன முடிவுக்கு வந்தான் தெரியுமா? தண்ணீர் பத்தவில்லை என்ற முடிவுக்கு! இன்னும் இரண்டு சொம்பு கூட்டினான். அட ஆண்டவனே, அந்த நேரத்தில் அவன் கையைப் பிடித்து நிறுத்த ஒரு ஆள் இல்லாமல் போனதே.

இருந்தவள் ஒரே மகள் அறிவுச்செல்வி. அவளோ கட்டிக்கொடுத்த ஊரான ஜலகண்டாபுரத்தில் இருந்தாள். போனில் அம்மாவின் இருமலைக் கேட்டுவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஏம்ப்பா, அம்மாளுக்கு இப்பிடி மேமூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போங்க."

"கிட்னிக்குத் தண்ணி குடுத்தாச் சரியாப் போயிரும் அம்மிணி. நான் பாக்காத வியாதியா?"

"அம்மா என்ன கோழியா?"

அவன் போனை வைத்துவிட்டான். கோபத்தில் வைத்த மாதிரி இருந்தது. உள்ளே இருந்தது பயம்தான்.

ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு வாழைத்தண்டுச் சாற்றோடு வீட்டுக்குள் நுழைந்தான். கலைமணி கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. நிமிர்ந்து அவனைப் பார்த்து, "பஸ்சு வந்துருச்சுங்களா?" என்றாள்.

"எந்த பஸ்சு, கலை?"

"நீங்க ஆருங்க?"

பொன்னன் சாற்றுச் சொம்பைப் பிடித்தபடியே நின்றான். நல்லவேளை, மகள் சந்தேகப்பட்டு, காலை ஒன்பது மணிக்கே வாடகைக் கார் பிடித்துப் புறப்பட்டிருந்தாள். அடுத்த பத்து நிமிடத்தில் வந்து இறங்கினாள். அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவின் கைக்குக் கீழே தோளைக் கொடுத்துத் தூக்கினாள்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் தனப்பிரியா நெஞ்சிலும் முதுகிலும் குழாய் வைத்துக் கேட்டார், ஸ்கேன் எடுத்தார், ரத்தம் எடுத்து அனுப்பினார். ரத்தப் பரிசோதனைத் தாள் வந்ததும் நேராகப் பொன்னனிடம் வந்தார்.

"நுரையீரல்ல நீர் கோத்திருக்கு. ரத்தத்துல உப்பு ரொம்பக் கொறஞ்சு போச்சு, அதான் ஆள் தெரியாமப் பேசறாங்க. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சாங்க?"

ரெண்டு லிட்டர் என்று சொல்லிவிட அவன் நாக்கு துடித்தது. மகள் பக்கத்தில் நின்றாள். உண்மையைச் சொன்னால் கட்டின பொண்டாட்டியைத் தானே இந்த நிலைக்குக் கொண்டுவந்தான் என்று ஆகிவிடும்.

"மறைக்காதீங்க. உப்பு எதனால கொறஞ்சுதுன்னு தெரியாம அவசரமா ஏத்துனா மூளைக்கே ஆபத்து" என்றார் டாக்டர்.

"ஆறு லிட்டருக்குக் கொறையாதுங்க. வெல்லத் தண்ணி, சாறு, எல்லாஞ் சேத்துங்க. நாந்தானுங்க ஊத்துனேன். கிட்னின்னு நெனைச்சுட்டனுங்க." சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டான்.

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு நீர் பிரிய ஊசி போடச் சொன்னார். பிறகு திரும்பி, "கிட்னி இல்லைங்க. இதயம்" என்றார். பல வருடமாகக் கவனிக்காத ரத்தக்கொதிப்பால் கலைமணியின் இதயம் சோர்ந்து போயிருந்தது. தள்ள வேண்டிய ரத்தத்தை அதனால் தள்ள முடியவில்லை. தேங்கியது காலில் இறங்கி வீக்கமாயிற்று, நுரையீரலில் கசிந்து மூச்சை அடைத்தது.

"அப்ப ஒண்ணுக்கு ஏனுங்க கொறஞ்சுது?"

"இதயம் சரியாத் தள்ளாததால கிட்னிக்கு வர்ற ரத்தம் கொறைஞ்சு போச்சு. அதுக்கு வெளியில நடக்கறது தெரியாது. ஒடம்புல தண்ணியே இல்லைன்னு பயந்து, உப்பையும் தண்ணியையும் புடிச்சு வெச்சுக்குது. அது புடிக்கப் புடிக்க இதயத்துக்கு இன்னும் பாரம். கிட்னி கெடலைங்க. பயத்துல தப்பான வேலையைப் பாக்குது."

பொன்னன் தலையைக் குனிந்துகொண்டான். இருபத்தாறு வருடமாக எத்தனை ஆயிரம் கோழிகளை அறுத்திருப்பான்! ஈரலைத் தனியே, இதயத்தைத் தனியே, சிறுநீரகத்தைத் தனியே எடுத்து வைத்துப் பார்த்தவன். அத்தனையும் செத்த கோழிகள். உயிரோடு இருக்கும்போது ஒன்று தளர்ந்தால் மற்றதெல்லாம் அதற்காக என்ன பாடு படும் என்பதை அவன் பார்த்ததே இல்லை.

இரண்டு நாள் அவன் அந்த வராந்தாவை விட்டு நகரவில்லை. சிறுநீர்ப் பை நிறைகிறதா என்று கண்ணாடி வழியே பார்ப்பதும், நர்ஸ் வெளியே வந்தால் எழுந்து நிற்பதுமாகக் கிடந்தான். ஒருவேளை நினைவு திரும்பாவிட்டால்? திரும்பி, மறுபடியும் நீங்க ஆருங்க என்று கேட்டுவிட்டால்? மகள் வாங்கிவந்த இட்லி பொட்டலத்தோடு காய்ந்தது.

மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்கு உள்ளே விட்டார்கள். கலைமணி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் வற்றித் தோல் சுருங்கியிருந்தது. "மாமா" என்றாள். பொன்னனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நாக்கெல்லாம் வறண்டு கெடக்குதுங்க. ஒரு வாய் தண்ணி குடுங்க."

காப்பி, ரசம் எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு லிட்டர்தான் என்பது டாக்டர் உத்தரவு. இன்றைய பங்கு மத்தியானமே தீர்ந்துவிட்டது. இனி காலை ஆறு மணிக்குத்தான்.

"தண்ணி குடிக்கக் கூடாது கலை. நான் ஊத்துனதுதான் உன்னை இங்க கொண்டாந்து போட்ருச்சு. என்ற புத்தியைச் செருப்பால அடிக்கோணும்."

"எனக்கு அப்பவே தெரியுமுங்க" என்றாள் அவள். "மூணாம் நாளே தெரியும். குடிக்கக் குடிக்கத்தான் மூச்சு அடைச்சுது."

"தெரிஞ்சும் எதுக்குடி குடிச்ச?"

"வேண்டாம்னு சொன்னா உங்க மூஞ்சி செத்துப் போச்சுங்களே. உங்கண்ணனைத் தூக்கிட்டு வந்தன்னைக்கு இருந்த மூஞ்சி. அதைப் பாக்க முடியாமத்தான் குடிச்சேன். இனியாவது நான் சொல்றதைக் கேப்பீங்களா?"

"கேக்கறேன் சாமி. என்ன சொன்னாலுங் கேக்கறேன்."

"அப்ப ஒரு வாய் தண்ணி குடுங்க."

"அதை மட்டுங் கேக்காத" என்றான் பொன்னன்.

அவள் சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். காலை ஆறு மணிக்கு இன்னும் பதினாலு மணி நேரம் இருந்தது.