வடக்கு அறை, ஒரு பேச்சுக்கு

சின்னப்பொண்ணு என்ற பேரை ரேணுகா முதலில் கேட்டது தன் நிச்சயதார்த்தத்தன்று, சிரிப்புக்கு நடுவில். மாப்பிள்ளை ராஜேந்திரன்தான் எடுத்துவிட்டான்.

"எங்க அக்கா சின்னப்பொண்ணு கீதே, எதச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கும். சின்ன வயசுல, கன்னுக்குட்டிக்குப் புல்லு பத்தலன்னு நச்சரிச்சிகினே இருந்துச்சா, 'போ, நீயே அதக் கட்டிகினு அழு'ன்னு எங்கம்மா கத்துச்சு. இது போயி நெசமாவே கழுத்தக் கட்டிகினு அழுதுச்சு!"

பந்தலே குலுங்கியது. ரேணுகாவும்தான் சிரித்தாள்.

மூத்தவளான சின்னப்பொண்ணை மதுராந்தகத்தில் லாரி ஓட்டின மோகனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிள்ளை கிடையாது. ரேணுகாவின் மாமனார் செத்து வருஷம் திரும்பியதும், செய்யூர் வீட்டையும் கடலைக் கொல்லையையும் தன் பேருக்கு மாற்ற ராஜேந்திரனுக்கு அக்கா கையெழுத்து வேண்டியிருந்தது. வழக்கப்படி தட்டு வைத்தார்கள்: பட்டுப்புடவை, வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம். தூக்கிக்கொண்டு போனது ரேணுகாதான். பத்திர ஆபீஸ் வாசலில் ராஜேந்திரன் அக்கா கையைப் பிடித்துக் கண் கலங்கினான்.

"பேப்பர்லதான்க்கா என் பேரு. வூடு எப்பவும் உன் வூடு. அந்த வடக்கு ரூம்பு உனக்குத்தான்."

"வடக்கு ரூம்பா? சரிடா" என்று உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தாள்.

நாலு வருஷத்தில் மோகன் போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்த மறுவாரம் ஒரு டிரங்குப் பெட்டியும் ஸ்டவ்வுமாகச் சின்னப்பொண்ணு பஸ்ஸில் வந்து இறங்கினாள். நேரே வடக்கு அறைக்குப் போய் வேர்க்கடலை மூட்டைகளை நகர்த்த ஆரம்பித்தாள்.

"இன்னாக்கா பண்றே?"

"என் ரூம்புடா. மூட்டைய எங்க வெக்கறது?"

ராஜேந்திரன் சிரித்தான். "ஐய, அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுக்கா. ஊருல எவன் சொல்லல? வா, சாப்டு, ரெண்டு நாளு இரு. அதுக்குப் பொட்டியோடயா வருவாங்க?"

அவள் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். "நீ பேச்சுக்குச் சொன்னே. கையெழுத்த நான் பேச்சுக்குப் போடலியேடா."

"பாத்தியா ரேணு, கன்னுக்குட்டி கத!" என்று பெண்டாட்டி பக்கம் திரும்பிக் கண்ணடித்தான்.

இந்தத் தடவை ரேணுகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் எல்லாரும் சொல்கிற பேச்சுதான். எத்தனை தூரம் நம்பலாம் என்று கேட்கிறவர்களுக்கும் தெரியும். இவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. இவளுக்குத் தெரியாதென்று இவனைவிட யாருக்குத் தெரியும்? பந்தலில் சொல்லிச் சிரித்தவனாயிற்றே! அதனால்தானே திசை வைத்து ஒரு அறையைக் காட்டினான். அந்தக் கலங்கின கண்ணை நினைத்தாலே காறித் துப்ப வந்தது.

"தெரிஞ்சேதான்யா சொன்னே. உங்கக்கா நெசம்னு எடுத்துக்கும்னு தெரிஞ்சே."

"நீ வேற" என்று அவன் செல்போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனான்.

"இருங்க அண்ணி, நான் பேசறேன்."

"இருன்னா எத்தினி நாளு ரேணு? சரியா சொல்லு."

தட்டுத் தூக்கின தன் கையைப் பார்க்கவே ரேணுகாவுக்கு அருவருப்பாயிருந்தது.

சின்னப்பொண்ணு பெட்டியைத் திறந்து அந்தப் பட்டுப்புடவையை எடுத்து மூட்டைமேல் வைத்தாள். மத்தியான பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

வடக்கு அறையில் இன்னும் கடலை மூட்டைதான். சின்னப்பொண்ணு கோவளத்தில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிறாள், அங்கேயே பின்கட்டில் படுத்துக்கொள்கிறாள்.