ஐவி டன்ஸ்டனின் வெறுங்கால் வைத்தியம்

ஐவி டன்ஸ்டனுக்குத் தூக்க மாத்திரை ஆகாது. காப்பி ஆகாது. பகலில் கண்ணயர்கிறவர்களைக் கண்டாலும் ஆகாது. முப்பது வருஷம் எங்கள் மெரிண்டா ஊர்த் தபாலாபீசை நடத்திய மகராசி. ஸ்டாம்பைக் கோணலாக ஒட்டினவனை மறுபடி வரிசையின் கடைசிக்கு அனுப்பியவள். ஓய்வு பெற்றதும் அந்த அதிகாரத்தை அப்படியே கொண்டுவந்து புல்தரையில் பந்து உருட்டி ஆடும் எங்கள் உருட்டுப்பந்து கிளப்பில் இறக்கினாள். வருஷா வருஷம் உலகத்தின் மறுகோடியில், ஸ்காட்லாந்தில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு வருவாள். வந்ததும் ஜெட் லாக் போக இயற்கை வழி என்று ஊரைக் கூட்டிப் பாடம் நடத்துவாள். பாடம் நடத்துகிறவளே பத்து நாள் பேயறைந்த மாதிரி திரிவதை யாரும் சுட்டிக்காட்டக் கூடாது.

கிளப்பின் புல்தரையைப் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவன் நான், பேசில். அவளை எனக்குப் பிடிக்காது. ஆனால் இந்த செப்டம்பரில் அவள் எனக்குத் தேவைப்பட்டாள். புல்லைப் பெயர்த்து எறிந்துவிட்டுப் பச்சை பிளாஸ்டிக் விரிப்பு போடுவேன் என்று சொல்லிக்கொண்டு கெய்த் ரோலண்ட் தலைவர் பதவிக்கு நின்றான். எதிர்த்து நின்றவள் ஐவி ஒருத்திதான். சனிக்கிழமை மதியம் கூட்டம், கை தூக்கி ஓட்டு. அவள் தோற்றால் புல் போச்சு, என் பிழைப்பும் போச்சு.

ஓட்டுக்கு மூன்றே நாள் இருக்கும்போது, புதன்கிழமை, மகள் வீட்டிலிருந்து வந்து இறங்கினாள்.

"ஏம்மா, போய்ப் படு. கண்ணு ரெண்டும் குழிக்குள்ள கிடக்கு."

"உனக்கு என்ன தெரியும் பேசில்? சூரியன் இறங்குற வரைக்கும் கண்ணை மூடக் கூடாது. மூஞ்சில வெயில் படணும். புளிப்பு செர்ரி சாறு குடிக்கணும். காலையில வெறுங்கால்ல புல்லு மேல நடக்கணும். நாம எந்த ஊர்ல இருக்கோம்னு மண்ணுதான் உடம்புக்குச் சொல்லும்."

"மண்ணு பேசுதாக்கும்! கடிகாரத்தைப் பார்த்தா தெரியாதா?"

"நீ மாட்டு ஜென்மம். தூக்கம் வந்தா அங்கங்கே சாயிற ஆளு."

மாட்டுக்கு இருக்கிற அறிவு இவளுக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன். அவள் நடக்க நினைத்த புல் எது என்று கேட்காமல் விட்டது என் தப்பு. மழை பொய்த்த வருஷம். ஊரில் வீட்டுப் புல்லெல்லாம் காய்ந்து முள்ளாகிவிட்டது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பச்சையாக நின்றது என் புல்தரை மட்டும்தான்.

அதன் மேல் புதன்கிழமை சாயங்காலம் இரும்பு உப்பு கரைத்துத் தெளித்திருந்தேன். புல் கரும்பச்சையாக வரும். ஈரத்தோடு அது சிமெண்டில் பட்டால் மட்டும் துருக்கறைதான், லேசில் போகாது. வியாழக்கிழமை வெயில் வந்ததும் இந்த அம்மாள் கேட்டைத் தாண்டி வந்து முக்கால் மணி நேரம் வெறுங்காலோடு உலாத்தியிருக்கிறாள். பிறகு வெள்ளை சிமெண்டு நடைபாதை வழியே வீட்டுக்குப் போயிருக்கிறாள். மத்தியானத்துக்குள் நடைபாதை முழுக்கப் பழுப்புப் பாதங்கள். பெருவிரல் மூட்டு புடைத்த பாதம், நேராக ஐவியின் வாசல்வரை. துப்பறிய ஆள் தேவைப்படவில்லை.

போன வருஷம் காற்றில் பறந்த தொப்பியை எடுக்க கிளாரி கிழவன் பூட்ஸோடு புல்லில் கால் வைத்ததற்கு ஒரு மாசம் தடை போட்டவள் இவள்! ஊர் சிரிப்பாய்ச் சிரித்தது. கெய்த் வீடு வீடாகப் போய்ச் சிரித்தான். வெள்ளிக்கிழமை முழுக்க நான் மண்டியிட்டு அந்தப் பாதங்களைத் தேய்த்தேன். பிடிக்காத பொம்பளையின் பாதத்துக்கு இப்படி ஒரு பூஜை செய்ய எனக்கு விதித்திருந்தது. பழுப்பு ஆரஞ்சானது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவள் வீட்டுக்கே போனேன்.

"அரை மணி நேரம் கண்ணை மூடும்மா. நானே எழுப்பி விடறேன்."

"சூரியன் இன்னும் இறங்கல," என்று கதவைச் சாத்தினாள்.

கூட்டத்தில் கெய்த் இளித்துக்கொண்டே, "அந்தக் கால் யாரோடதுன்னு கேக்கலாமா?" என்றான்.

ஐவி எழுந்தாள். "என்னோடதுதான். கிளாரிக்குப் போட்ட தடையை எனக்கும் போட்டுக்கறேன், ஒரு மாசம் ஆட மாட்டேன். ஆனா கெய்த், உன் பிளாஸ்டிக்ல ஜனவரிக் கோடை வெயில்ல வெறுங்கால் வச்சுப் பாரு. கால்ல முட்டை பொரிக்கலாம்."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. கிளாரியே கை தட்டினான். பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அவள் மேல் எனக்குப் பெருமையாக இருந்தது. அத்தோடு ஓட்டெடுத்திருந்தால் ஜெயித்திருப்பாள். ஆனால் கெய்த் தண்ணீர்க் கணக்கை எடுத்து இருபத்தைந்து நிமிஷம் அறுத்தான். மணி இரண்டரை. அவள் மகள் வீட்டில் விடிகாலை ஐந்தரை. ஐவியின் முகவாய் மார்பில் இறங்கியது.

ஓட்டு வந்தது. கெய்த்துக்கு இருபத்திரண்டு கைகள். ஐவிக்குக் கிளாரியின் கையையும் சேர்த்து இருபத்தொன்று. அவள் தன் கையையும் தூக்கினால் சமம். சமமாக வந்தால் பழைய தலைவர் தன் ஓட்டைப் புல்லுக்குத்தான் போடுவார், அது எல்லாருக்கும் தெரியும்.

"ஐவி! கையைத் தூக்கு!" முழங்கையால் இடித்தேன். அசைவில்லை. அவள் கையை நானே பிடித்துத் தூக்கினேன்.

"தூங்குற கை செல்லாதுய்யா, பேசில்," என்றான் கெய்த்.

அவன் ஆட்கள் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் ஐவி விழித்தாள். சுற்றிலும் பார்த்தாள். எழுந்து நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"ரொம்ப நன்றி," என்றாள். "நான் இருக்கற வரைக்கும் இந்தப் புல்லை ஒருத்தனும் தொட முடியாது. பேசில், நீ ஒண்ணும் கவலைப்படாத, போய் உன் வேலையைப் பாரு."

கைதட்டல் நின்றுபோனது. கெய்த் தலையைக் குனிந்துகொண்டான். அத்தனை பேரில் ஒருவருக்கும் அவள் தோற்றுப்போனதைச் சொல்ல மனசு வரவில்லை.

"சரிம்மா," என்று சொல்லிவிட்டு வெளியே போய்ப் புல்லுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.