மாப்பிள்ளை கேட்ட வினைச்சொற்கள்

பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்பார்கள் என்று யார் கண்டது?

போன தை மாதம், ராசிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடம். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை, லீவு கிடைக்கவில்லையாம். அவருடைய அம்மாவும் சித்தப்பாவும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை, தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போனில் இருந்தார். நான் அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். வயது முப்பது தாண்டிவிட்டது. முன்பு வந்த வரன்கள் எல்லாம் தட்டிப்போனதில் அப்பாவுக்குத் தூக்கமே போய்விட்டது. இதுவாவது கூடிவர வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார்.

"டாடில்னா என்ன அர்த்தங்க?" என்றார் போனில் இருந்தவர், எடுத்த எடுப்பில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பேரைக்கூடக் கேட்கவில்லை!

"அங்கத்த இங்கிலீஷ் வேறங்க. நம்ம ஊட்டுக்கு வர்ற புள்ள அங்க போயி முழிக்கக் கூடாதில்லீங்களா," என்று சித்தப்பா விளக்கம் வேறு கொடுத்தார்.

வேலையைச் செய்யாமல் மசமசவென்று நேரத்தைக் கடத்துவது என்றேன். "வின்ஸ்?" வலி பொறுக்காமல் சட்டென்று முகம் சுளிப்பது. "அர்த்தம் பத்தாதுங்க, வாக்கியத்துல வெச்சுச் சொல்லுங்க." அதையும் சொல்லித் தொலைத்தேன். என் வகுப்புப் பிள்ளைகளிடம்கூட இந்தத் தொனியில் நான் கேட்டதில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

"இது பொண்ணு பாக்கறதுங்களா, பரீட்சைங்களா?" என்று கேட்டே விட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளமாட்ட இருக்குதுங்க."

அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். காலமெல்லாம் லாரி ஓட்டியவர். டோல்கேட்டில் யாராவது ஒரு வார்த்தை கூடப் பேசினால் வண்டியைக் குறுக்கே போட்டுச் சண்டைக்கு நிற்பவர். அந்த மனுஷன் இவர்கள் வந்ததிலிருந்து உட்காரவே இல்லை. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பிக் குனிந்து நின்றார்.

"சின்னப் புள்ளைங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க காலுல வேணும்னாலும் உழுகறனுங்க. நீ சொல்லு சாமி, கேக்கறதச் சொல்லீரு."

இவரா என் அப்பா?

போனில் இருந்தவர் எதையும் காதில் வாங்கவில்லை. "சரிங்க, லாஸ்ட். யாரும் அதிகமா பொழங்காத வெர்ப் ஒண்ணு நீங்களே சொல்லுங்க, அர்த்தத்தோட."

"க்ரோவல்," என்றேன். "அடுத்தவங்க தயவுக்காக மானத்த உட்டுப்போட்டு, அவங்க காலடியில குனிஞ்சு கெஞ்சறதுங்க."

"வாக்கியம்?"

"எங்கப்பா இப்ப உங்கம்மா முன்னால க்ரோவல் செய்யறாருங்க."

சொல்லி முடித்ததும் ஐயோ என்றிருந்தது. அப்பா என்னையே பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. அறை விழப்போகிறது, விழட்டும் என்று நின்றேன்.

அவர் கூப்பிய கையைப் பிரித்தார். மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, அந்த அம்மாளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"காப்பி ஆறிப்போவுதுங்க," என்றார். "குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க."