நூற்றுப் பதினேழாம் டப்பா

டாமராக் ஃபெர்ரியில் யாராவது ஆரின் வாஸ்பைண்டருக்கு குட் மார்னிங் சொன்னால், இவன் எதற்காக இன்றைக்குப் பார்த்துச் சொல்கிறான் என்று ஆரின் ஒரு கணம் யோசிப்பார். யோசித்து முடித்துப் பதில் சொல்வதற்குள் சொன்னவன் தெருமுனையைத் தாண்டியிருப்பான். பிறவிக் குணம் என்பாள் அவர் மனைவி நெட்ரா. தொழில் கொடுத்த குணம் என்பார் அவர். இரண்டுமே சரிதான் என்பது ஊரார் கணக்கு.

தொழிலும் அப்படிப்பட்டதுதான். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் இரண்டு லேத் மெஷின் போட்டு, வேட்டைத் துப்பாக்கிகளுக்குச் சைலன்சர் செய்து விற்கிறார். ஒரு சாண் நீளத்துக்குக் குழாய், உள்ளே அடுக்கடுக்காய்த் தட்டுகள், அவ்வளவுதான். செய்ய ஒரு நாள் போதும், காகிதத்துக்குத்தான் மாதக்கணக்கு. செய்கிறவனுக்கு லைசென்ஸ் வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் வரிசை எண் வெட்டி, மத்திய அரசின் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். வாங்குகிறவன் கைரேகையும் போட்டோவும் கொடுத்துவிட்டுப் பத்து மாதம் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கெட்டுப்போன குழாயைக்கூடச் சும்மா குப்பையில் போட முடியாது. கேஸ் கட்டரால் மூன்று இடத்தில் அறுத்து, அறுத்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். காகிதத்தில் இல்லாத எண்ணோடு ஒரு குழாய் யார் வீட்டிலாவது அகப்பட்டால், அந்த வீட்டுக்காரனுக்கு ஜெயில். செய்தவனுக்கு லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் ஆரினுக்கு அறுபத்து நான்கு வயதில் வேறு எதுவும் செய்யத் தெரியாது.

ஆகவே போன் அடித்தால் எடுப்பதற்கு முன்பே ஆரினுக்கு மூக்கு வியர்க்கும். நம்பர் போடாமல் ஒன்று கிடைக்குமா என்று கேட்கிறவன் முட்டாள், இல்லாவிட்டால் வேஷம் போட்டு வந்த அரசாங்க ஆள் என்பது அவர் முடிவு. ஒரு தடவை பாவம், தேவாலயத்துக்கு நிதி கேட்டுப் பேசிய பாதிரியாரையே, "உங்க அடையாள அட்டை நம்பரைச் சொல்லுங்க" என்று மடக்கினார்.

கொட்டகைச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் பெரிதாக எழுதியிருந்தது: "எண்ணை உலோகத்தில் பார்த்துப் படி. காகிதத்தில் பார்க்காதே." எழுதியவர் அவரே. அதைப் படித்துப் படித்துச் சலித்தவன் லைல் குவிஸ்ட். பதினெட்டு வருடம் அங்கே வெல்டிங் வைத்தவன். லைல் வைத்த வெல்டிங்கில் விரலை ஓட்டினால் இணைத்த இடமே தெரியாது. இருவரும் ஒன்றாகத்தான் மான் வேட்டைக்குப் போவார்கள், ஒரே ஃபிளாஸ்க்கில் காபி குடிப்பார்கள். ஆரின் நம்பிய ஒரே மனிதன் அவன்தான் என்று நெட்ராவே பொறாமையோடு சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அந்த நம்பிக்கை பதினொரு வருடத்துக்கு முன் ஓர் அக்டோபர் மத்தியானம் போயிற்று. ஊருக்கு வெளியே துப்பாக்கி சுடும் மைதானத்தில் நாலைந்து துப்பாக்கிகள் தாங்கியில் சாய்ந்து நின்றன. அதில் ஒன்றில் இவர் செய்த சைலன்சர். பெற்ற பிள்ளையைத் தெருவில் பார்த்த மாதிரி, பக்கத்தில் போய் எண்ணைப் படித்தார். நூற்றுப் பதினேழு.

அந்த எண்ணுள்ள குழாய் கெட்டுப்போனது. அறுத்தாயிற்று என்று பதிவேட்டில் இவர் கையால் எழுதியிருக்கிறார். அறுத்தவன் என்ற இடத்தில் லைலின் கையெழுத்து. அப்படியானால் இது எப்படி இங்கே சாய்ந்து நிற்கிறது? லைல் அறுக்காமல் கள்ளத்தனமாக விற்றுவிட்டானா?

யாருடையது என்று அங்கேயே சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்க இவருக்கு வாய் வரவில்லை. யாரோ வைத்த பொறியாக இருந்தால்? தொட்ட கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வண்டியேறி வந்துவிட்டார். துறைக்கும் சொல்லவில்லை, சொன்னால் முதலில் வந்து நிற்பது இவர் வாசலில்தானே. அடுத்த திங்கட்கிழமை கொட்டகைக்குப் புதுப்பூட்டு. வேலை குறைந்துவிட்டது என்று லைலிடம் சொன்னார். லைல் பூட்டைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், கையுறையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

அதோடு விட்டாரா? உணவகத்தில் இரண்டு பேரிடம், "எல்லாரையும் நம்பிட முடியுதா?" என்று அரை வார்த்தை சொன்னார். எங்கள் ஊருக்கு அரை வார்த்தை போதும். லைலுக்குக் கை நீளம் என்று கிறிஸ்துமஸுக்குள் ஊரே பேசியது. துப்பாக்கித் தொழிலில் ஒருவனும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பனிவண்டிகளுக்கும் படகு டிரெய்லர்களுக்கும் பற்றுவைத்துக் காலம் தள்ளினான். தேவாலயத்தில் இவர் இடப்பக்கம், அவன் வலப்பக்கம். எனக்கு இதில் ஆரின்மேல் இன்னும் கோபம்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

இந்த மார்ச் மாதம், பனி உருகிக் கொட்டகை வாசல் சேறாகிக் கிடந்த ஒரு காலையில் போன் அடித்தது.

"மிஸ்டர் வாஸ்பைண்டருங்களா? நான் தோரா பர்செல், எல்க் க்ரீக்ல இருந்து பேசுறேன். என் வீட்டுக்காரர் கேலன் உங்ககிட்ட ஒரு சைலன்சர் வாங்கியிருந்தார். அவர் நவம்பர்ல தவறிட்டாருங்க."

"கஷ்டமா இருக்கும்மா," என்றார் ஆரின். இந்தக் குரலுக்கு எத்தனை வயது இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது.

"அதை மகன் பேருக்கு மாத்தணும்னு வக்கீல்கிட்ட போனோம். காகிதத்துல ஒரு நம்பர் இருக்கு, சாமான்ல வேற நம்பர் இருக்குன்றார். அதான் உங்ககிட்டயே கேட்டுடலாம்னு."

"காகிதத்துல என்ன?"

"நூத்திப் பதினெட்டு."

"சாமான்ல?"

"நூத்திப் பதினேழு."

ஆரின் உட்கார்ந்துவிட்டார். "திரும்பப் படிங்க."

"மூணு தடவை படிச்சுட்டேங்க. கண்ணாடி போட்டுத்தான் படிச்சேன்."

"இப்ப உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா? இந்தப் பேச்சு எங்கயாவது பதிவாகுதா?"

அந்த அம்மாள், "பக்கத்துல பூனைதாங்க இருக்கு," என்றாள். "இதை வீட்டுல வச்சிருந்தா என்னை ஜெயில்ல போட்டுருவாங்களாமே? வக்கீல் சொன்னதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்புறம் கூப்பிடுறேன்," என்று போனை வைத்தார்.

நெட்ரா பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு வந்து, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கதையைக் கேட்டாள்.

"அவ அரசாங்க ஆளு," என்றார் ஆரின். "பழசைக் கிளறுறாங்க. லைல் போய்ச் சொல்லியிருப்பான்."

"கேலன் பர்செலோட சாவு பேப்பர்ல வந்துச்சு. நாந்தானே படிச்சுக் காட்டினேன்? உன்னைப் பிடிக்கறதுக்காக அந்த மனுசன் செத்தும் போனானாக்கும்?"

"செத்தது நிஜமா இருக்கலாம். பேசுனவ நிஜமான்னு எப்படித் தெரியும்?"

"ஆரின், நீ என்னையே கல்யாணத்தன்னிக்கு அப்படித்தான் பார்த்தே." சூப்பைச் சூடாக்கிக்கொண்டே கேட்டாள்: "சரி, நூத்திப் பதினேழு அங்க இருக்குன்னா, நீ அலமாரியில வச்சு அடைகாக்குற டப்பாவுல என்ன இருக்கு?"

அறுத்த துண்டுகளைப் பதிவு செய்தபின் பழைய இரும்புக்காரனிடம் போடலாம். ஆரின் போடமாட்டார். கேள்வி வந்தால் காட்ட வேண்டுமே என்று ஒவ்வொன்றையும் காபி டப்பாவில் போட்டு, டேப் ஒட்டி, எண் எழுதி, வருடக்கணக்காக அடுக்கி வைத்திருக்கிறார்.

"என்ன இருக்கும்? லைல் ஏதாவது பழைய குழாயை அறுத்துப் போட்டிருப்பான், என் கண்ணைக் கட்ட."

"பார்த்தியா?"

பார்த்ததில்லை. பூட்டை மாற்றினார், ஊரில் பேசினார், ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுத்தார். மேல்தட்டில் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த டப்பாவை மட்டும் பதினொரு வருடம் திறந்து பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மனிதர், தன் சந்தேகத்தை மட்டும் வேதவாக்காக நம்பிவிட்டார்.

சூப்பைத் தொடாமல் கொட்டகைக்குப் போனார். டேப் காய்ந்து போய் உரிந்தது. நாலு துண்டுகளை மேஜையில் கொட்டி, கம்பிப் பிரஷ்ஷால் கரியைத் தேய்த்தார். மூன்றாவது துண்டில், கட்டர் தொடாத இடத்தில், எண் முழுசாக இருந்தது.

நூற்றுப் பதினெட்டு.

பதிவேட்டை இறக்கிப் பார்த்தார். அந்தக் குழாய்கள் செய்த நாளில் பரிசோதனைக்காக அவை இரண்டையும் ஒன்றாகக் கொட்டகைத் தாங்கியிலிருந்து எடுத்தது ஞாபகம் வந்தது. எண் எழுதிய குழிகள் உள்ள மரத்தாங்கி அது. திரும்ப வைத்தபோது இடம் மாறியிருக்கிறது. ஒன்றில் வெல்டிங் விரிசல். சாக்பீஸால் அதில் பெருக்கல் குறி போட்டவர் இவர். குழியில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து, நூற்றுப் பதினேழு கெட்டது என்று எழுதியவரும் இவரே. லைல் சாக்பீஸ் குறி போட்ட குழாயை ஒழுங்காக அறுத்துவிட்டு, இவர் எழுதியதை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். நல்ல குழாய் நூற்றுப் பதினெட்டு என்ற பெட்டிக்குள் போய், பத்து மாதம் கழித்து கேலன் பர்செலிடம் போயிற்று. கொடுக்கும்போதும் பெட்டியின் சீட்டைத்தான் படித்திருக்கிறார். சுவரில் சிவப்பு எழுத்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

தன் வக்கீலைப் போனில் கூப்பிட்டார். துறைக்கு எழுதினால் எண்ணைத் திருத்துவார்கள், அந்த அம்மாள் தப்பிப்பாள், உங்கள் லைசென்ஸுக்கு நான் பொறுப்பில்லை என்றார் வக்கீல். அறுத்தது எது என்று அறுத்தவனே சாட்சிக் கையெழுத்துப் போட்டால் கொஞ்சம் பலம் என்றும் சொன்னார். வேறு வழியும் ஆரினுக்குத் தோன்றாமல் இல்லை. ஆற்றில் எறிந்துவிடுங்கள் என்று அந்த அம்மாளிடம் காதும் காதும் வைத்த மாதிரி சொல்லிவிட்டால் போயிற்று. அதைச் சொல்லப் போனை எடுத்தும் விட்டார். பூனைதாங்க இருக்கு என்ற குரல் ஞாபகம் வரவே, வைத்துவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு டப்பாவும் கையுமாக லைல் வீட்டு வாசலில் நின்றார். லைல் ஒரு படகு டிரெய்லரின் அடியிலிருந்து வெளியே வந்தான். தாடி முழுக்க நரைத்திருந்தது.

"என்ன டப்பா?"

"பேசணும்."

"உன் போனை எடுத்து வண்டிக்குள்ள வை. சட்டையைத் தூக்கிக் காட்டு, உள்ள மைக் கிக் இருக்கான்னு பார்க்கணும்."

"லைல், நான்டா."

"அதனாலதான் சொல்றேன்."

ஆரின் போனை வண்டியில் வைத்தார். குளிரில் சட்டையையும் பனியனையும் தூக்கிக் காட்டினார். லைல் அவசரப்படாமல் சுற்றிவந்து பார்த்தான். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்து, உட்காரச் சொன்னான். ஆரின் முதலிலிருந்து கடைசிவரை சொன்னார், மைதானம், பூட்டு, உணவகம், தாங்கி, ஒன்றையும் மறைக்கவில்லை.

"அப்போ பதினோரு வருசமா என்னைத் திருடன்னு நினைச்சே."

"ஆமா."

"நான் பூட்டைப் பார்த்தப்பவே ஏதோ இருக்குன்னு தெரியும். என்னிக்காவது நீ வந்து கேப்பேன்னு காத்திருந்தேன். 'நீ எடுத்தியா லைல்'னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, 'டப்பாவைத் திற'ன்னு சொல்லியிருப்பேன்."

ஆரின் சட்டைப் பையிலிருந்து துறைக்கு எழுதிய கடிதத்தை எடுத்தார். தவறு முழுக்கத் தன்னுடையது, மைதானத்தில் பார்த்தும் சொல்லாமல் இருந்தது தானே என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். பக்கத்தில் சாட்சிக்கு ஒரு கோடு காலியாக இருந்தது.

"இதை அனுப்பினா துறைக்காரங்க உன் கடையையே மூடிடலாம்," என்றான் லைல், படித்துவிட்டு.

"மூடலாம்."

"அந்தம்மா?"

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

லைல் பேனாவை வாங்கினான். ஆரின் மூச்சை விட்டார். "நூத்திப் பதினெட்டுதான் அறுத்ததுன்னு எழுதியிருக்கு. நீ கையெழுத்து மட்டும் போட்டா போதும்," என்றார்.

பேனா நின்றது.

"நீ எழுதினதைப் பார்த்து ஒரு தடவை கையெழுத்துப் போட்டாச்சு, ஆரின். போதும்."

லைல் டப்பாவைத் திறந்து, துண்டுகளை டிரெய்லரின் தட்டில் பரப்பினான். மூன்றாவது துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து வாய்விட்டுப் படித்தான். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து ஆரின் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.