திட்டில் விட்டு வந்த குதிரை

தைப்பொங்கலுக்கு மறுநாள் கரிநாள். அன்று யாரும் பயணம் கிளம்ப மாட்டார்கள். அதனால் தூத்துக்குடி ரயிலடியில் குதிரை வண்டிகளுக்குச் சவாரி கிடைக்காது. என் வீட்டுக்காரரும் கூட்டாளிகளும் அன்றைக்கு வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்துக் கடலுக்குக் கொண்டுபோவார்கள். தார் ரோட்டில் ஓடிக் காய்த்துப்போன காலுக்கு உப்புத்தண்ணீர் நல்லது என்பார்கள். அது வெளியே சொல்கிற காரணம். குதிரை முதுகில் ஏறி நாலு பேர் பார்க்கப் போகலாம் என்பதுதான் உள்ளே இருந்த ஆசை.

எங்கள் குதிரை பெட்டை. செம்மண் நிறம். அதற்குக் கொள்ளு அவித்துப் போட்டதும் லாயம் கூட்டியதும் கட்டுவதற்குக் கயிறு திரித்ததும் நான்தான். வெளி ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனிடம் மட்டும் வாய் ஓயாமல் பேசுவேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருடம், கரிநாளும் பௌர்ணமியும் ஒட்டி வந்தன. கடல் வெகுதூரம் வற்றிக் கிடந்தது. நான் மணலுக்குள் கிடக்கும் மட்டிச் சிப்பி தோண்டுவதற்குக் கூடையும் கம்பியுமாகப் போயிருந்தேன். ஒரு சாண் நீளத்தில் நுனி வளைந்த இரும்புக் கம்பி அது. என் வீட்டுக்காரரும் இரண்டு கூட்டாளிகளும் ஆளுக்கொரு குதிரையில் ஏறி, தூரத்தில் தெரிந்த மணல் திட்டுக்குக் கிளம்பினார்கள். நடுவே இருந்த பள்ளத்தில் முழங்கால் தண்ணீர்தான்.

வருடக்கணக்காக அங்கே மட்டி பொறுக்கியதில் எனக்கு ஒன்று தெரியும். வற்றிய கடல் திரும்பி ஏறும்போது திட்டு கடைசியில்தான் நனையும். பள்ளம் முதலில் நிறைந்துவிடும். திட்டில் நிற்கிறவனுக்குத் தன் கால் காய்ந்திருப்பது மட்டும்தான் தெரியும்.

குதிரைக்குப் பக்கத்தில் போய், "வெயில் சாயுறதுக்குள்ள வந்திருங்க. பள்ளத்துல தண்ணி முந்தி ஏறிரும்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்காத குரல். ஆனால் அவருக்குக் கேட்டது. அவர் பாட்டுக்குப் போயிருக்கலாம். கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏலே, கேட்டியளா? மட்டி பொறுக்குதவ எனக்குக் கடலைப் படிச்சுக் குடுக்கா!"

"இனிமே கடல் மதினிட்ட கேட்டுட்டுத்தான் ஏறும் அண்ணாச்சி!" என்றான் இளையவன்.

மூன்று பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு குனிந்து மட்டி தோண்டினேன்.

திட்டில் இறங்கியதும் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ரயிலடியில் வண்டியை விட்டு இறங்கினால், ஓடிவிடாமல் இருக்கக் குதிரையின் முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தளை போட்டுவிடுவார்கள். அது கையில் ஊறிய பழக்கம். கடலுக்கு நடுவில் குதிரை எங்கே ஓடும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. தளையைப் போட்டுவிட்டுச் சீட்டு விளையாட உட்கார்ந்துவிட்டார்கள்.

வாடைக்காற்றும் சேர்ந்துகொண்டது. அவர்கள் நிமிர்ந்து பார்க்கும்போது பள்ளத்தில் ஆள் முங்கத் தண்ணீர். ரயிலடி ஆட்களுக்கு நீச்சல் தெரியாது. துண்டை வீசி வீசிக் கத்தினார்கள். கரையிலிருந்து ஒருவர் சைக்கிளில் துறைமுகத்துக்குப் பறந்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் மீட்புப் படகு வந்தது. கப்பலில் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த மாதிரிப் படகு. ஓட்டி வந்த தண்டல், அதாவது படகுத் தலைவர், மணப்பாட்டுக்காரர். திட்டில் அப்போது இடுப்பளவுத் தண்ணீர். நனைந்த கயிறு இறுகிப்போய் மூன்று தளையும் அவிழவில்லை. படகில் வந்த ஒருவர் குதித்து, முங்கி முங்கி இரண்டு குதிரைகளின் தளையை அறுத்துவிட்டார். மூன்றாவதுக்குப் போகும்போது அலை அடித்துக் கத்தி தண்ணீரோடு போய்விட்டது. ஆட்கள் மூவரையும் ஏற்றிக்கொண்டு, இரண்டு குதிரைகளைப் படகோடு நீந்தவிட்டுக் கரைக்கு வந்தார்கள். எங்கள் பெட்டை திட்டில் நின்றது. கழுத்தைத் தூக்கிக்கொண்டு கரையையே பார்த்தது.

ஆட்களை இறக்கிவிட்டுத் தண்டல் சத்தம் போட்டார்.

"கத்தி, அருவா எவன்ட்டயாவது இருக்கால? எதுனாலும் குடுங்க, ஒரு நடை போயி விட்டுட்டு வந்திருதேன். இருட்டிட்டா போவ முடியாது!"

ஒருவன் தெருவைப் பார்த்து ஓடினான். என் வீட்டுக்காரர் மணலில் உட்கார்ந்து துண்டைப் பிழிந்துகொண்டே கூட்டத்திடம் சொன்னார்: "நான் என்னத்த செய்ய? எல்லாம் அவ திரிச்ச கயிறு. எவனால அவுக்க முடியும்?"

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

என் கை கூடைக்குள் கம்பியைப் பிடித்திருந்தது. அதை முடிச்சுக்குள் விட்டு நெம்பினால் போதும். "இந்தாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி நீட்டியிருக்கலாம். மட்டிக் கம்பியால் குதிரையை மீட்கப் போகிறாளாம் என்று இன்னொரு சிரிப்பு எழும் என்று நினைத்தேன். கை கூடையை விட்டு வெளியே வரவில்லை.

அரிவாள் வந்து சேர்ந்தபோது திட்டில் குதிரையின் தலை தெரியவில்லை. தண்டல் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "ஏன்யா, கடலுக்குள்ள கொண்டுபோயி எதுக்குய்யா தளை போட்ட?" என்று கேட்டார். அன்று அந்தக் கூட்டத்தில் சரியாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அவரும் எனக்கு அந்நியர்.

விடிந்ததும் நான் மட்டும் போனேன். அரை மைல் தள்ளிக் குதிரை கரையில் ஒதுங்கிக் கிடந்தது. கண்ணில் மணல். தளை அப்படியே இருந்தது. ராத்திரி முழுக்க ஊறிய கயிறு. கம்பியை விட்டு இரண்டு நெம்பு நெம்பினேன். முடிச்சு விட்டுவிட்டது.

இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அப்போதே ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டிருப்பார். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதைக் கேட்க அவருக்குக் காது இருந்ததில்லை. பிறகு உப்பளத்தில் மூட்டை தூக்கப் போனார். சாகும்வரை டீக்கடையில் அந்தக் கதையை என் கயிற்றில்தான் முடித்தார். நானும் ஊர் நினைக்கிறபடியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று காலையில் கயிற்றைக் கடலில் எறிந்தேன். வீட்டில் உலை வைக்க வேண்டுமே. கம்பியைக் கழுவிக்கொண்டு மட்டி தோண்டப் போனேன். தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது.