எழுபது தலை தாங்கும் ப்ராசஸர்

ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தன்று, தொண்டூர் தனகோட்டி தன் அக்கா மகளின் மஞ்சள் நீராட்டு விழாப் பேனருக்கு முன்னால் நின்று தன் தலையைத் தேடினார். அவருக்குப் பின்னால் சீர்வரிசைத் தட்டுகளோடு ஒரு மினி லாரி நின்றுகொண்டிருந்தது. பெண்ணுக்குத் தாய்மாமன் அவர். பேனரில் எழுபது தலைகளுக்கு மேல் இருந்தன. அவர் தலை இல்லை.

"பக்கத்து ஊட்டுக்காரன் இருக்கான், பால் ஊத்தறவன் இருக்கான், தாய்மாமன் இல்ல. அப்ப சீர மட்டும் நான் எதுக்குடா எறக்கணும்?"

பேனர் செய்தவர் ஜெயக்கொடி அக்கா. தனகோட்டி அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டு, "ஏம்மா, நான் செத்துட்டேன்னு நெனச்சிட்டியா?" என்று கேட்டார். அக்கா பதறிப்போய் அவருடைய படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, வண்டியில் ஆள் மூலம் அனுப்பி, பேனரில் டேப் போட்டு ஒட்டச் சொன்னார். சீர் இறங்கியது. ஆனால் சாயங்காலம் வரை காற்றில் தனகோட்டியின் தலை மட்டும் தனியாகப் படபடத்துக்கொண்டிருந்தது. அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடாதவர்கள் அந்தப் பந்தலில் குறைவு.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணமோ காதுகுத்தோ, விழாக்காரர்கள் நடுவில் இருக்க, சுற்றிலும் சொந்தக்காரர்களின் தலைகள் வர வேண்டும். தலைக்குக் கீழே பெயர், பெயருக்குப் பின்னால் வேலை அல்லது படிப்பு. யார் தலை மேலே, யார் தலை பெரிது என்பதெல்லாம் உறவுமுறைப்படி. ஒரு தலை கொஞ்சம் சிறுத்தாலும் அடுத்த விசேஷத்துக்கு அந்த வீட்டிலிருந்து ஆள் வராது. எங்கள் அக்கா கல்யாணப் பேனரில் என் தலைக்குக் கீழே 'இளவழகன், பி.எஸ்சி.' என்று போட்டது ஜெயக்கொடி அக்காதான். எங்கள் வம்சத்தில் பெயருக்குப் பின்னால் பட்டம் வந்த முதல் தலை அது. விசேஷம் முடிந்த பேனரெல்லாம் மாட்டுக்கொட்டகைக் கூரைக்குப் போகும். அந்தப் பேனரை மட்டும் நைனா சுருட்டி பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

ஜெயக்கொடி அக்காவும் எங்கள் சிங்கவரம்தான். பிளஸ் டூ முடித்துவிட்டு செஞ்சியில் புஷ்பதந்தன் என்பவரின் பிரஸ்ஸில் டிசைனராகச் சேர்ந்தார். பல வருஷம் அங்கே இருந்துவிட்டு, திருவண்ணாமலை ரோட்டில் தகர ஷீட் போட்ட ஒரு கடையைப் பிடித்து, 'கொடி டிசைன்ஸ்' என்று தனியாக உட்கார்ந்தார். டிசைன் இவருடையது. அச்சடிப்பது அதே பழைய முதலாளியின் பிரஸ். இரண்டு பேருக்கும் மனக்கசப்பு கிடையாது.

தனகோட்டியின் தலை தொலைந்ததற்குக் காரணம் கம்ப்யூட்டர். கடைசித் தலையாக அவரை ஒட்டும்போது திரை அப்படியே உறைந்துவிட்டது. அணைத்துப் போட்டபோது, அவர் தலையை ஒட்டுவதற்கு முன் சேமித்த பழைய ஃபைல் திறந்தது. அவசரத்தில் அக்கா அதையே பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டார்.

அந்த வாரமே இரண்டு பார்ட்டிகள் கொடுத்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு நேராகப் பிரஸ்ஸுக்குப் போனார்கள். புஷ்பதந்தன் கடைக்கு வந்தார்.

"ஜெயக்கொடி, உன் கைய நான் கொற சொல்லல. மெஷின் படுத்துட்டா நீ இன்னா பண்ணுவ? திரும்ப என்னாண்டயே வந்து உக்காரு. புது மெஷின் இருக்குது, மாசம் பொறந்தா சம்பளம். ஆவணி மொத முகூர்த்தத்துக்கு முன்ன ஒரு வார்த்த சொல்லிடு."

"சொல்றேன் மொதலாளி."

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எனக்குப் போன் செய்தார். நான் விழுப்புரத்தில் அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற கம்பெனியில் வேலை செய்கிறேன். வார விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

"தம்பி, பத்து வருஷம் தாங்கற மாதிரி ஒரு ப்ராசஸர் சொல்லு."

"பத்து வருஷமா? எதுக்குக்கா அவ்ளோ நாளு?"

"பாப்பா இப்ப அஞ்சாவது. உன்ன மாதிரி பேருக்குப் பின்னால எழுதற வரைக்கும் இந்தக் கட ஓடணும் இல்ல? சம்பளத்துக்குப் போனா அவர் குடுக்கறதுதான். இங்கன்னா சீசன்ல கொஞ்சம் பார்த்துக்கலாம். ஆனா இன்னொரு தல போச்சுன்னா கடையே போச்சு."

யாரோ ஒருவர் பழைய ப்ராசஸர் ஒன்றை மலிவாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இப்போது இருக்கிற மதர்போர்டிலேயே உட்காருமாம், இதைவிட வேகமாம். "அத வாங்கிப் போட்டுடட்டுமா?" என்றார்.

"கேபினட்டத் தொறந்து பார்த்துட்டு சொல்றேன்க்கா."

பக்கவாட்டுத் தகடைக் கழற்றினேன். அலுவலகங்களில் தூசி பார்த்திருக்கிறேன், எலிப்புழுக்கை பார்த்திருக்கிறேன், பல்லி முட்டைகூடப் பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்ததில்லை. ப்ராசஸருக்கு மேல் இருக்கிற ஃபேனும், அதற்கடியில் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடுகளும் கறுப்பாக, பிசுபிசுவென்று, அடுப்பங்கரை உத்தரம் மாதிரி இருந்தன. முகர்ந்து பார்த்தேன். கோவில் வாசனை அடித்தது.

"அக்கா, இதுக்கு சாம்பிராணி போடறியா?"

"வெள்ளிக்கிழமன்னா போடுவேன். சோறு போடற மெஷினாச்சே."

"எங்க காட்டுவ?"

"இங்கதான். அந்த ஓட்ட இருக்குது பாரு, அதாண்ட தூபக்கால வெச்சா பொகைய அப்படியே உள்ள இழுத்துக்கும். நான்கூட நெனச்சிப்பேன், சாமியே ஏத்துக்குதுன்னு."

"சாமி இல்லக்கா. ஃபேன்."

அக்கா குனிந்து அந்தக் கறுப்பைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அய்யய்யோ. அப்ப இத்தினி வருஷமா நானே அதுக்கு மூச்சு முட்ட வெச்சிருக்கேன்."

நடந்தது இதுதான். சாம்பிராணிப் புகையின் பிசின் உள்ளே படிந்தது. ரோட்டுத் தூசி அதன் மேல் ஒட்டியது. காற்றுப் போக வழி இல்லாமல் ப்ராசஸர் கொதித்தது. அளவுக்கு மேல் சூடானால் ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் தாங்காவிட்டால் நின்றுவிடும். மேலே தகர ஷீட், வெளியே செஞ்சி வெயில், பாறையெல்லாம் பகல் முழுக்க வாங்கிய சூட்டைச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும் ஊர். எழுபது தலைகளையும் தூக்கிக்கொண்டு அது எங்கே ஓடும்?

தகடுகளைத் தனியாகக் கழற்றித் தேய்த்துக் கழுவி, எதிரிலிருந்த பஞ்சர் கடையில் காற்றடித்துக் காயவைத்தேன். ப்ராசஸரின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் பையில் இருந்தது, அதைப் புதிதாகத் தடவி மாட்டினேன். போட்டோஷாப்பில் அந்த மஞ்சள் நீராட்டுப் பேனரையே திறக்கச் சொன்னேன். மெதுவாகத்தான் திறந்தது. ஆனால் உறையவில்லை.

"அப்ப புதுசே வேணாமா?" அக்காவின் முகம் மலர்ந்தது.

வேண்டாம் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் பத்து வருஷம் என்று கேட்டவரிடம் அப்படிச் சொல்ல முடியாது. "மூச்சு விடுது, அவ்ளோதான். வயசு வயசுதான். புது விண்டோஸ் இந்த ப்ராசஸர ஏத்துக்காது. பழசுக்கு அப்டேட்டு நின்னுடுச்சு. நாளைக்குப் புது போட்டோஷாப்பும் வேணாம்னு சொல்லிடும். அந்த மலிவு ப்ராசஸர வாங்கனாலும் அதே கததான். அந்த போர்டோட ரூட்டு முடிஞ்சிடுச்சு, இனிமே வர்ற ப்ராசஸர் எதுவும் அதுல உக்காராது. ஆனா இன்னிக்கே ஓடிப் போயி கெடச்சத வாங்கணும்னு அவசியமில்ல. ஆடி மாசம் முழுக்கக் கையில இருக்குது."

"சரி, இருக்கறதுலயே பெருசா ஒண்ணு சொல்லு. பதினாறு கோர்னு ஒண்ணு இருக்காமே?"

"கொல்லையில மல்லாட்டச் செடி புடுங்க பத்து ஆளு எறங்குனா சீக்கிரம் முடியும். வரப்பு மேல மூட்டையத் தூக்கினு போவும்போது?"

"ஒத்த ஆளுதான் போவ முடியும்."

"ஒரு தலைய நகத்தறது வரப்பு மேல போற வேல. பதினாறு பேரும் சேந்து தள்ள மாட்டாங்க. முன்னால போற ஆளு வேகமா நடக்கணும், அதான் முக்கியம். ஆறு கோரு போதும். மிச்சத்த மெமரில போடு, நல்ல போர்டுல போடு."

அக்கா உடனே தலையாட்டிவிடவில்லை. "நீ படிச்சவன், சொல்ற. நான் கண்ணால பார்க்கணும்" என்றார்.

ஆடியில் ஒரு நாள் இரண்டு பேரும் புதுச்சேரி பஸ் ஏறினோம். அக்கா கைப்பையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. கடைக்காரர், "கேமிங்கா மேடம், வீடியோ எடிட்டிங்கா?" என்று கேட்டார்.

"தல ஒட்டறது."

அவருக்குப் புரியவில்லை. அக்கா பென் டிரைவைக் கொடுத்து, அதிலிருந்த மஞ்சள் நீராட்டுப் பேனரைத் திறக்கச் சொன்னார்; விட்டுப்போன தனகோட்டியின் தலையை அதில் பிறகு சேர்த்து வைத்திருந்தார். கடையில் ஓட்டிக் காட்டுவதற்காக வைத்திருந்த பெரிய மெஷினில் முதலில் திறந்தோம். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தனகோட்டியைப் பிடித்து மேலே இழுத்தார், பெரிதாக்கினார், சிறிதாக்கினார், மாலைக்குப் பின்னால் ஒளித்தார், திரும்ப எடுத்தார். பிறகு பக்கத்திலிருந்த ஆறு கோர் மெஷினிலும் அதையே செய்தார். கடைக்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்.

"யார் மேடம் அவரு? இந்த இழு இழுக்கறீங்க?"

"எனக்கு வேண்டியவரு. தம்பி, ரெண்டும் ஒண்ணாத்தான் போவுது."

"பிரிண்ட் சைஸுக்கு சேவ் பண்ணும்போது பெருசு கொஞ்சம் முந்தும்க்கா," என்றேன். உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா?

"எவ்ளோ முந்தும்?"

"நீ ஒரு வாய் டீ குடிக்கறதுக்குள்ள சின்னதும் வந்து சேந்துடும்."

அக்கா கடைக்காரரிடம் திரும்பினார். "இந்தப் பெருசு சூடாவுமா?"

"ஆகும் மேடம். அதுக்குத் தனியா லிக்விட் கூலர் போடணும்."

"எங்க கடையில மனுஷங்களுக்கே ஒரு ஃபேன்தான்."

கடைசியில் இரண்டு வழிகள் நின்றன. பெரிய ப்ராசஸரும் சாதாரண போர்டும் ஒன்று. ஆறு கோர் ப்ராசஸரும் நல்ல போர்டும் இரண்டு மடங்கு மெமரியும் இன்னொன்று. விலை ஏறத்தாழ ஒன்றுதான். இன்னும் சில வருஷங்களுக்குப் புதிதாக வரும் ப்ராசஸர்களும் அந்த நல்ல போர்டின் சாக்கெட்டில் உட்காரும் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. அப்போது தேவைப்பட்டால் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும் என்று அக்காவிடம் சொன்னேன்.

"அதாவது, பாப்பா காலேஜ் சேரும்போது ஒருக்கா மாத்தணும்."

"வேணும்னா மாத்தலாம். கட்டாயமில்ல."

"ரெண்டாவதே போடுங்க" என்றார் அக்கா. திரும்பி வரும் பஸ்ஸில் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை.

ஆடிக் கடைசி வெள்ளிக்கிழமை புது மெஷினைக் கடையில் பொருத்தினேன். தரையில் வைக்காமல் மேசை மேல், சுவரைவிட்டுத் தள்ளி வைத்தேன். சந்தனம் குங்குமம் பக்கவாட்டுத் தகட்டில் மட்டும். அக்கா தூபக்காலை ஏற்றி, பழக்க தோஷத்தில் மெஷின் பக்கம் குனிந்து, சட்டென்று நிமிர்ந்து வாசலுக்குப் போனார். படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டிவிட்டு, தூபக்காலை ரோட்டோரம் வைத்தார்.

"சாமி கோச்சுக்காதா?" என்றேன்.

"சாமி வாசப்படி வழியாத்தான் வரும். ஃபேன் வழியாவா வரும்?"

அன்றைக்கே பிரஸ்ஸுக்குப் போய், "மொதலாளி, நான் என் கடையிலயே உக்கார்றேன். ஃபைல் வரும், அச்சடிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். புஷ்பதந்தன், "தல எண்ணிப் பார்த்துட்டு அனுப்புமா" என்றாராம்.

சொல்லிவிட்டாரே தவிர, போன பார்ட்டிகள் திரும்பி வரவில்லை. ஆவணி பிறந்தது. நான் அந்த வாரம் லீவு போட்டுவிட்டு, ஏதாவது சிக்கல் வந்தால் பார்க்கலாம் என்று கடையில்தான் இருந்தேன். முதல் முகூர்த்தத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது வாசலில் ஒரு பைக் நின்றது. தொண்டூர் தனகோட்டி. அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காரு, உக்காரு. என் பொண்ணுக்குக் கல்யாணம். பேனர் போடணும்."

"அண்ணா, என்னாண்டயா?"

"வேற யாராண்ட போவ? என் தலையத் தொலச்சவ நீதான். இனிமே உன் ஜென்மத்துக்கும் தொலைக்க மாட்ட. வேற எடத்துக்குப் போனா அவன் புதுசா தொலைப்பான்."

ஸ்டூலை அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை வந்தார், பெண் வந்தாள். மூன்றாவதாக அக்கா தனகோட்டியின் படத்தை எடுத்தபோது அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"நான் பொண்ணப் பெத்தவன், எப்ப வேணா வருவேன். மொதல்ல என் மச்சானப் போடு. பொண்ணுக்குத் தாய்மாமன். அவன் தல நல்லா பெருசா இருக்கட்டும்."

அக்கா மச்சானைத் தூக்கி மேல் மூலையில் வைத்தார்.

"சேவ் பண்ணியா?"

"பண்ணிட்டேன்ணா."

"என் கண்ணு முன்னால இன்னொருக்கா பண்ணு."