ஒற்றைப் பொட்டு

தெருத்தெருவாகக் குடிநீர் மீட்டர் படிப்பது அவள் வேலை. மதியம் நீரேற்று நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் புதர்க்காட்டில் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். திறந்ததோடு சரி, கண் பட்டாம்பூச்சிகளின் பின்னால் போய்விடும். ஆரஞ்சு இறக்கைகள் அவசரமில்லாமல் மிதக்கும். வெயிலே கொஞ்சம் கண்ணசந்தாற்போல் இருக்கும்.

வெந்தய வரியன் என்று அதன் பெயர் தெரிந்த நாளிலிருந்து ஒரு நோட்டுப் போட்டாள். எத்தனை வந்தன, எந்தச் செடியில் முட்டையிட்டன என்று எழுதி, பூச்சிகளைக் கணக்கெடுக்கும் குழுவுக்கு நான்கு வருடமாக அனுப்பிவந்தாள். மீட்டர் படித்தது போதாதென்று பூச்சியையும் படிக்கிறாள் என்று கணவர் தன் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு மதியம், கையெட்டும் தூரத்தில் ஒன்று இறக்கையை விரித்து உட்கார்ந்தது. வரியனின் பின்னிறக்கை நடுவே மூன்று நான்கு கறுப்புப் பொட்டுகள் இருக்கும். இதில் மேலோரமாக ஒன்றே ஒன்று. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். அப்போதும் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் படப்புத்தகத்தைப் புரட்டினாள். வரியன் கசக்கும் என்று பறவைகள் அதைத் தொடுவதில்லை. அதனால் அதைப் போலவே வேஷம் கட்டிப் பிழைக்கிறது வேறோர் இனத்தின் பெண் பூச்சி. அதற்குத்தான் ஒற்றைப் பொட்டு. இத்தனை வருடத்தில் எத்தனை தடவை ஏமாந்தோமோ என்று நோட்டின் பழைய பக்கங்களைத் திருப்பிப் பார்த்தாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் நோட்டை மூடியே வைத்திருந்தாள். மூன்றாம் நாள், குழுவை நடத்தும் டீச்சருக்குப் போன் போட்டாள்.

"டீச்சர், நான் அனுப்பினதை நம்பாதீங்க. ரெண்டு பூச்சியை ஒண்ணுன்னு எண்ணிட்டேன்."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம்.

"முட்டை போட்ட செடியை எழுதியிருக்கீங்களே. எருக்குன்னா வரியன். தரையில படர்ற பருப்புக்கீரைன்னா மத்தது. செடி எழுதின வரியை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தை அடிச்சிடலாமா?"

"அடிச்சிடுங்க."

அன்று சாயங்காலம் தன் நோட்டையும் எடுத்து உட்கார்ந்தாள். நாத்தனார் ஒவ்வொரு வரியாகப் படிக்க, அவள் கோடு போட்டாள். முப்பத்தொரு வரிகள்தான் மிஞ்சின.

"இத்தனையும் வீணா அண்ணி?"

"வீணில்ல. அப்ப எனக்கு ஒரு பூச்சிதான் தெரிஞ்சுது."

மறுநாள் மதியம் நாத்தனாரும் கூட வந்தாள். தலைக்கு மேலே இரண்டு ஆரஞ்சுப் பூச்சிகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மேலேறின. எது எதுவென்று நாத்தனார் கேட்டாள். அவை உட்காரட்டும் என்று காத்திருந்தார்கள். அவை உட்காராமலே புதருக்கு அப்பால் கரைந்துபோயின. 'பறந்தவை இரண்டு, இனம் தெரியவில்லை' என்று எழுதிவிட்டு, அவள் ஆறிப்போன சாப்பாட்டை நாத்தனாரோடு பங்கிட்டுக்கொண்டாள்.